அண்ணாந்து பாராதவர்

"முப்பத்தொரு வருஷமா இந்த ஊருக்கு நான்தான் வானிலை சொல்றேன். ஒரு தடவை தப்பினதில்லை. ஒரு தடவை அண்ணாந்து பார்த்ததுமில்லை. வானம்தான் ஐயா, காலையில என்னைக் குனிஞ்சு பார்த்துட்டு, இன்னிக்கு என்ன பண்றதுன்னு முடிவு பண்ணும்."

மாகாணத் தலைநகரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த அதிகாரியிடம் நிகாந்த்ரோ யபூரா இதைச் சொன்னபோது, அவர் கையில் பாதி கடித்த எம்பனாதாச் சோமாசி இருந்தது. அதற்குள்ளிருந்த கறிச்சாறு மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதிகாரி இதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். மேஜையைச் சுற்றி இருந்த பெத்ரேகால் ஊர்க்காரர்கள் ஒருவரும் சிரிக்காததைக் கண்டு, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு தம் கோப்பைக்குள் பார்வையைப் போட்டார்.

நிகாந்த்ரோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. குள்ளம். கால்சட்டையைத் தொப்பைக்கு மேலே ஏற்றி வாரால் பூட்டியிருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். ஒன்று எழுதும். மற்றது எழுதாது, தமக்குப் பிடிக்காத தாள்களில் கையெழுத்துப் போடுவதற்காக அதை வைத்திருக்கிறார். நகராட்சிப் பதிவேட்டின்படி அவர் பூங்கா மற்றும் இடுகாட்டுப் பிரிவின் மூன்றாம் நிலை எழுத்தர். முன்பு வானிலை சொல்லிக்கொண்டிருந்தவர் கல்யாணம் செய்துகொண்டு தெற்கே போய்விட்டபோது, புதிதாக ஒருவர் வரும்வரை பார்த்துக்கொள்ளும்படி அந்த வேலையை இவர் தலையில் கட்டினார்கள். புதிதாக யாரும் வரவில்லை. ஆறாவது வருஷம் நிகாந்த்ரோ தம் சொந்தச் செலவில் அட்டை அடித்துக்கொண்டார்: 'வான மண்டலப் பொறுப்பாளர்.' இடுகாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பகல் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நகராட்சி வானொலியின் ஒலிபரப்பு அறைக்குள் நுழைவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளாதிஸ் லியெந்த்ரோ உட்கார்ந்திருப்பாள். கருவிகளை இயக்குவதும், பாட்டுப் போடுவதும், இறந்தவர்கள் பெயரை வாசிப்பதும், தரையைப் பெருக்குவதும் அவள்தான். ஒன்பது வருஷமாக நிகாந்த்ரோவின் உச்சந்தலையை மட்டுமே பார்த்து வருவதால், ஊரில் அவருடைய வழுக்கையின் எல்லைக்கோடு அவளைப்போல் வேறு யாருக்கும் தெரியாது. அவள் விரலை உயர்த்துவாள். அவர் மூன்று முறை கனைப்பார். முதலிரண்டும் ஒத்திகை. மூன்றாவது கனைப்பு ஒலிபரப்பாகும். அதைக் கேட்டுத்தான் ஊரில் பாதி வீடுகளில் சூப்புக்கு உப்புப் போடுகிறார்கள்.

"பெத்ரேகால் நகரத்தின் வான மண்டலம். நிலை: தெளிவு. வெயில்: உண்டு. காற்று: மாலை நான்கு மணிக்கு, வழக்கமான திசையிலிருந்து, வழக்கமான மண்ணுடன்."

இவ்வளவுதான் அறிக்கை. சொல்லி முடித்ததும் கையிலிருக்கும் வெள்ளைத் தாளை மைக்குக்குப் பக்கத்தில் சரசரவென்று திருப்புவார். பின்பக்கமும் வெள்ளைதான்.

"தொன் நிகாந்த்ரோ, அந்தத் தாள்ல ஒண்ணுமே இல்லையே. எதுக்குத் திருப்புறீங்க?" என்று கிளாதிஸ் ஒருநாள் கேட்டாள்.

"பின்னாடி ஆராய்ச்சி நடந்திருக்குன்னு கேக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"இந்த வேலைக்கு ஒரு கிளி போதும்."

"கிளிக்கு ஓய்வூதியம் கிடையாது, கிளாதிஸ்."

ஆராய்ச்சி நடப்பதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைவரை நடக்கிறது. கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு நிகாந்த்ரோ கிளம்புவார். முதலில் சந்தை முனைச் சாப்பாட்டுக் கடை. அங்கே மேஜைமேல் இருக்கும் உப்புக் குப்பியைக் கவிழ்த்துத் தட்டுவார். உப்பு பொலபொலவென்று கொட்டினால் ஒரு மதிப்பெண். அடுத்து மருந்துக்கடை வாசல் நாய். அது எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது என்பது முக்கியம். எந்தப் பக்கத்துக்கு என்ன பொருள் என்பது அலுவலக ரகசியம். பிறகு மாதா கோயிலின் கள்ளிமரக் கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்பார், பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று. கடைசியாகத் தம் இடது முழங்கால். இந்த நான்கும் சாட்சி சொன்னபின் தீர்ப்பு எழுதப்படும். நான்குமே தோள் உயரத்தைத் தாண்டாதவை.

"வானம் பெரிய மனுஷங்க மாதிரி. நேரா மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. அவங்க வீட்டு வேலைக்காரங்களைத்தான் விசாரிக்கணும்" என்பது அவர் கொள்கை.

குனிந்தே நடப்பதால் ஊருக்கு வேறு நன்மைகளும் விளைந்திருக்கின்றன. தொலைந்த சாவி, கம்மல், சட்டைப் பொத்தான், ஒருமுறை ஒரு பல் செட் என்று எல்லாம் அவர் கண்ணில்தான் படும். மனிதர்களைக் காலணி வைத்தே அடையாளம் தெரிந்துகொள்வார். தபால்காரர் புது பூட்ஸ் போட்டுக்கொண்ட வாரம் முழுதும் அவருக்கு வணக்கம் கிடைக்கவில்லை. முழுச் சூரிய கிரகணம் வந்த வருஷம் ஊர் மொத்தமும் சதுக்கத்தில் அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது. நிகாந்த்ரோ போலீஸ் நிலையத்துக் கொல்லையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் கோழி கூட்டுக்குள் போனதும், "இப்ப முழுசா மூடியாச்சு" என்று அறிவித்தார். சரியாகத்தான் இருந்தது.

முப்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பாதது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். விஷயம் எளிது. பெத்ரேகாலில் மழை பெய்வதே வருஷத்தில் ஏழெட்டு நாள். அந்த ஏழெட்டு நாளும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ விழுந்துவிடும். நிகாந்த்ரோ தம் ஈட்டிய விடுப்பு, சேர்த்துவைத்த விடுப்பு, மருத்துவ விடுப்பு அனைத்தையும் ஜனவரி இரண்டாம் தேதி எடுத்துக்கொண்டு மார்ச் முதல் தேதிதான் திரும்புவார். எங்கும் போகமாட்டார். வீட்டில் பின்கட்டில் உட்கார்ந்து, கூரை ஒழுகுகிற இடத்தில் மனைவி தெல்ஃபினா வைக்கும் பாத்திரத்தைப் பார்த்தபடி மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு மாதமும் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் பாட்டு வரும். பெத்ரேகாலில் வானிலை என்பது வருஷத்துக்குப் பத்து மாதம்தான்.

"ஏங்க, ஒரு வருஷமாவது ஜனவரியில வேலைக்குப் போய்ப் பாருங்களேன், வீரத்தைப் பாப்போம்" என்று தெல்ஃபினா சீண்டுவதுண்டு.

"விடுப்பு தொழிலாளியோட உரிமை. உரிமையை விட்டுக் கொடுத்தா நாளைக்கு ஊரே கெட்டுப்போயிடும்."

நகராட்சி முற்றத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. அதில் குளவி கூடு கட்டிப் பல வருஷம் ஆகிறது. மாதாமாதம் தலைநகருக்கு அனுப்பும் படிவத்தில் நிகாந்த்ரோ அழகான கையெழுத்தில் சுழியம் போடுவார். விடுப்பு மாதங்களின் படிவம், அவர் விடுப்பில் இருப்பதால், போவதே இல்லை. ஒருமுறை அங்கிருந்து கடிதம் வந்தது: கருவி பழுதடைந்திருக்கிறதா என்று தெரிவிக்கவும். அவர் பதில் எழுதினார்: 'கருவி நல்ல நிலையில் உள்ளது. பழுது வானத்தில்.' அதற்குப்பின் தலைநகரம் வாயைத் திறக்கவில்லை.

இப்படிச் சும்மா இருக்கும் வானத்துக்கு எதற்கு ஓர் அறிக்கை என்று கேட்டால், கேட்பவர் மிளகாய்க் களத்தைப் பார்த்ததில்லை என்று பொருள். ஊருக்குக் கிழக்கே, ஆற்றுப்படுகைக் கரையில், கூழாங்கல் நிலத்தில் ஏப்ரல் மாதம் முழுக்க மிளகாய் காயும். காரமே இல்லாத, நிறத்துக்காகவே விளையும் தடித்த மிளகாய். மலையிலிருந்து பார்த்தால் ஊருக்கு யாரோ சிவப்புப் பாய் விரித்திருப்பதுபோல் இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் விடாத வெயில் வேண்டும். காய்ந்து சலசலக்கிற பதத்தில் கொள்முதல்காரர் லாரி வரும். இடையில் ஒருமுறை நனைந்தால் எல்லாம் கறுத்துவிடும். கறுத்ததை லாரிக்காரர் காலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஆகவே களத்தில் மிளகாய் இருக்கும்வரை பெத்ரேகாலில் 'மழை' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அத்தை' என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவாளாம்.

தெல்ஃபினாவின் தம்பி செனோன் காயோ மூன்று வருஷமாக மிளகாய் போடுகிறான். நெடுநெடுவென்று உயரம், எதையும் உடனே நம்பிவிடும் சுபாவம். போன வருஷம் அவன் கைபேசியை நம்பினான். கைபேசி நாற்பது சதவீதம் என்றது. மச்சான் நிகாந்த்ரோ 'தெளிவு' என்று சொல்லியும் கேட்காமல், அரைகுறையாய்க் காய்ந்த மிளகாயைத் தனியாளாக வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினான். அத்தை வரவில்லை. குவியலுக்குள் மிளகாய் வியர்த்துப் புழுங்கி, விடிவதற்குள் பூசணம் பூத்தது. அன்று நிகாந்த்ரோ மதிய அறிக்கையில் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி சேர்த்தார்: "சில பேருக்கு மட்டும் கைபேசிக்குள்ளே தூறல்." ஊர் ஒரு மாதம் சிரித்தது. செனோனும் சிரித்தான். ஆனால் அந்த வருஷம் அவன் குளிர்காலம் முழுதும் சுரங்கச் சாலை வேலைக்குப் போக வேண்டியிருந்தது; போன இடத்தில் விரல் ஒன்று நசுங்கியது.

இந்த ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு, செனோன் வானொலி நிலைய வாசலில் வந்து நின்றான். நிகாந்த்ரோ அவன் செருப்பைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, களத்தை விட்டுட்டு?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு லாரி வருது மச்சான். இன்னும் ஒரு வெயில் போதும். இன்னிக்கு ஒரே ஒரு நாள் வெயில்."

"அடிக்கும். எங்கே போயிடப் போகுது?"

"போன் அறுபதுங்குது."

"போன வருஷம் நாப்பது. இப்ப அறுபதா? சம்பளம் ஏறியிருக்கு போல."

கண்ணாடிக்கு அப்பால் கிளாதிஸ் சிரித்தாள். செனோன் சிரிக்கவில்லை. கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"நான் அதை நம்பல மச்சான். அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன். இந்தத் தடவையும் போச்சுன்னா நிலக்காரர் வேற ஆளுக்குக் கொடுத்துடுவாரு. நான் திரும்ப அந்தச் சாலைக்குத்தான் போகணும். நீங்க சொல்லுங்க. அத்தை வருவாளா, மாட்டாளா?"

நிகாந்த்ரோ அவன் செருப்பிலிருந்து தம் இடது முழங்காலுக்குப் பார்வையை மாற்றினார். காலை விசாரணையில் சாட்சிகள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியிருந்தன. முழங்கால் மௌனம். நாய் இருக்க வேண்டிய பக்கமே படுத்திருந்தது. ஆனால் சந்தை முனைக் கடையில் உப்பு கொட்டவில்லை. மூன்று தட்டுத் தட்டியபின் ஒரு கட்டி மட்டும் விழுந்தது. கடைக்காரர் நேற்று ஈரக்கையோடு குப்பியை நிரப்பியிருப்பார் என்று நிகாந்த்ரோ தமக்குத்தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். கள்ளிமரக் கதவும் கொஞ்சம் பிடித்தது. பாதிரியார் எண்ணெய் போடாத குற்றம். இவ்வளவு விளக்கங்கள் தேவைப்பட்ட காலை அவர் பணிக்காலத்தில் இதற்குமுன் வந்ததில்லை.

'தெரியல மாப்ளே' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிளாதிஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இன்னும் இரண்டு ஜோடிக் காலணிகள் வந்து நின்றிருந்தன, அவையும் மிளகாய்க்காரர்களுடையவை.

"ஏப்ரல் மாசத்துல அத்தைக்கு இந்த ஊருக்கு வழி தெரியாதுடா. போய்ப் படுத்துத் தூங்கு" என்றார்.

செனோன் மச்சானின் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கினான். நசுங்கிய விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. நிகாந்த்ரோவின் பார்வை எப்போதும் இருக்கும் உயரத்தில்தான் அந்த விரலும் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மூன்று கனைப்பு. தெளிவு. வெயில் உண்டு. காற்று நான்கு மணிக்கு. எல்லாம் சரியாகவே போனது. தாளைத் திருப்பும் சத்தம் மட்டும் வரவில்லை. கிளாதிஸ் அந்த மௌனத்தை ஐந்து விநாடி காத்துப் பார்த்துவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

பெத்ரேகாலில் ஒன்றரை மணிக்குமேல் ஐந்து மணிவரை யாரையும் எழுப்பக்கூடாது. செத்தவர்கள்கூட அந்த நேரத்தில் சாவதில்லை என்று கிளாதிஸ் தன் பட்டியலை வைத்து நிரூபிப்பாள். கதவுகள் சாத்தியிருக்கும். நாய்கள்கூடக் குரைப்பதைத் தள்ளிப்போடும். நிகாந்த்ரோ தெல்ஃபினாவுக்குப் பக்கத்தில் படுத்து, சுவரில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் கட்டி நினைவுக்கு வந்தது. புரண்டு படுத்தார். விரல் நினைவுக்கு வந்தது. எழுந்து, காலணி மாட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் தெருவுக்கு வந்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தெரு வெறிச்சோடியிருந்தது. வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு இருபதடி நடந்தவர், நின்றார். அவருடைய நிழலைக் காணோம்.

முன்னால் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். பக்கவாட்டில் சுவரோரம் பார்த்தார், அங்கே எங்காவது ஒதுங்கியிருக்கிறதா என்று. வெயில் நேரத்தில், ஏப்ரல் மாதத்தில், அரசு ஊழியர் ஒருவரின் நிழல் காணாமற்போயிருந்தது. தெருவின் அகலம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம். அப்போது காற்று வந்தது, நான்கு மணிக்கு வர வேண்டியது, ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக. வழக்கமான திசையிலிருந்து வரவில்லை. அதில் வழக்கமான மண்ணும் இல்லை. குளிர்ந்து வந்தது.

நிகாந்த்ரோ யபூரா ஓடினார். பெத்ரேகாலில் அவர் ஓடிப் பார்த்தவர் யாரும் இல்லை. அப்போதும் பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை. வீட்டுக்குள் போய், கட்டிலில் கிடந்த படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். தெல்ஃபினா உருண்டு சுவரில் முட்டிக்கொண்டாள்.

"என்னங்க இது! நிலநடுக்கமா?"

"விரிப்பு வேணும். பீரோவுல இருக்கறதையும் எடு."

"எதுக்கு?"

"உன் தம்பி களத்துக்குப் போறேன்."

தெல்ஃபினா அவரைப் பார்த்தாள். அவர் விரிப்பை மடிக்காமல் பந்தாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவும் அந்தப் பந்தில் இருந்தது. "அத்தையா?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் செருப்பைத் தேடினாள்.

களத்தின் ஓரத்தில், ஒரு வேல மரத்தடியில், செனோன் சொன்ன சொல் தட்டாமல் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அரைக் குப்பி ஒயினும், மிச்சம் வைத்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும். அவன் எதிரே ஒரு வருஷத்துப் பாடு சிவப்பாக விரிந்து கிடந்தது. நிகாந்த்ரோ அவனை எழுப்பவில்லை. எழுப்பினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். விரிப்பைக் கூழாங்கல்மேல் விரித்து, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாரிப் போடத் தொடங்கினார்.

மிளகாய் சலசலத்த சத்தத்தில் செனோன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"மச்சான்?"

"ம்."

"என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியல?"

"தெளிவுன்னு சொன்னீங்களே. ரேடியோவுல கேட்டுட்டுத்தானே படுத்தேன்."

"தெளிவுதான். நான் இல்லேன்னு சொன்னேனா? சாக்கை எடு. குவிக்காதே, போன வருஷம் மாதிரி புழுங்கிடும். வீடு வீடாக் கொண்டுபோய்த் தரையில ஒரே அடுக்காப் பரப்பணும். எங்க வீட்டுப் படுக்கையறை காலியாத்தான் இருக்கு."

"நாம ரெண்டு பேருதானே மச்சான் இருக்கோம். எப்படி ஆகும்?"

அந்தக் கேள்விக்கு விடையைத் தெல்ஃபினா ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்க நேரத்தில் கதவைத் தட்டுவது பெத்ரேகாலில் பெரிய குற்றம். அவள் அந்தக் குற்றத்தை வரிசையாகப் பதினேழு வீடுகளில் செய்தாள். திறந்தவர்கள் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள், ஒரே வாக்கியம்தான் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் களத்துல மிளகாய் வாரிட்டிருக்காரு."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஊருக்கு இவ்வளவு தெளிவான வானிலை அறிக்கை கிடைத்ததில்லை. மேஜை விரிப்போடு ஓடி வந்தார்கள். ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மாதா கோயில் பீடத்துணியோடு பாதிரியார் வந்தார். சின்னத் துணிதான், ஆனாலும் வந்தார். தபால்காரர் கடிதப் பையைக் கவிழ்த்துவிட்டுக் காலிப் பையோடு வந்தார். கிளாதிஸ் வானொலியில் நீளமான ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ஒலிபரப்பு அறையின் சத்தத் தடுப்புத் திரைகள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"தொன், இதை நாளைக்கு யாரு திரும்ப மாட்டறது?"

"வாரு கிளாதிஸ், பேசாம வாரு."

"வாரத்தானே வந்திருக்கேன். உங்க அறிக்கையைக் கேட்டுட்டு வரல, பயப்படாதீங்க."

களத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். கை ஓய்ந்தவர் வாயை ஓயவிடவில்லை. செனோனின் தூக்கத்தைப் பற்றியும், பாதிரியாரின் துணியின் அளவைப் பற்றியும், தெல்ஃபினா கட்டிலிலிருந்து உருண்ட விதத்தைப் பற்றியும் பேசிச் சிரித்தார்கள். வேலையில் எல்லார் முதுகும் வளைந்திருந்தது. குளிர்காற்று பிடரியில் அடித்தது. தரையில் ஒருவருக்கும் நிழல் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை. பார்த்தால் அது நிகாந்த்ரோவுக்கு மரியாதை ஆகாது. மறந்துபோய்க் கழுத்தை நிமிர்த்தப் போன தபால்காரரைத் தெல்ஃபினா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "கீழே பாருங்க தபால்காரரே, ஒரு மிளகாய் விட்டுட்டீங்க" என்றாள். அவரும் கீழே பார்த்தார்.

நாலரை மணிக்குள் மொத்தக் களமும் துடைத்ததுபோல் ஆகிவிட்டது. மூட்டைகள் தோளிலும் தலையிலும் ஏறித் தெருத்தெருவாகப் பிரிந்து போயின. பெத்ரேகாலின் கிழக்குப் பக்கத்து வீடுகளில் அன்றிரவு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கால் வைக்க இடம் இருக்கப் போவதில்லை. கடைசி மூட்டையைச் செனோன் தூக்கினான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி நின்றான்.

"மச்சான், வரலையா?"

"போ மாப்ளே. ஒண்ணு ரெண்டு சிதறிக் கிடக்கும். பொறுக்கிட்டு வர்றேன்."

ஒன்றும் சிதறிக் கிடக்கவில்லை. கூழாங்கற்கள் மட்டுமே கிடந்தன, வெயில் இல்லாத நேரத்தில் இருக்கும் நிறத்தில். நிகாந்த்ரோ களத்தின் நடுவில் நின்று, ஊர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தார். எல்லாருடைய முதுகும் தெரிந்தது. வேல மரத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே ஒயின் குப்பி மட்டும் இருந்தது. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டார். பிறகு கழுத்தை, பூட்டி வெகுகாலம் ஆன வீட்டுக் கதவைச் சத்தம் வராமல் திறக்கப் பார்ப்பவர்போல, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குச் சாய்த்து, அண்ணாந்து பார்த்தார்.